பலாமரத்து மேஸ்திரி

வடகவுஞ்சிக்குக் கீழே இருக்கும் சுவாமிநாதனின் காப்பித் தோட்டத்தில் அன்று காலை டீ விசில் கேட்டபோது, விசில் மேஸ்திரி கந்தம்மாளின் இடுப்பில் இருந்தது. அவள் வாயில் வெற்றிலை இருந்தது. ஊதியது அவள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை. பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையில் பிடித்த கிளையை அப்படியே விட்டுவிட்டு, இடுப்புச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, செடிகளை உரசிக்கொண்டு களத்தைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

தோட்டத்தில் டீ விசிலுக்கு இருக்கிற மரியாதை அப்படி. விசில் கேட்டால் கை நிற்கும், கால் நடக்கும். நடுவில் யாரும் யோசிப்பதில்லை. யோசித்தவளுக்கு அடிமண்டி டீதான் கிடைக்கும்.

"ஏய், நில்லுங்கடி! நான் ஊதலடி!" வெற்றிலையைத் துப்பிவிட்டு கந்தம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

"நீ ஊதலைன்னா பின்ன என் மாமியாளா வந்து ஊதுனா?" என்றாள் நாச்சியம்மாள், நடையைக் குறைக்காமல். "உன் விசிலு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அதுதான் வினையே. கந்தம்மாளின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஊதுகிற காற்று பாதி விசிலுக்குள் போகும், பாதி அந்தச் சந்து வழியாக நழுவும். 'ப்ரீ... ப்ரிப்ரீ' என்று திக்கித்தான் சத்தம் வரும். உலகத்தில் இப்படி ஊத ஒரு ஆளால்தான் முடியும். அன்று கேட்டதும் அதே திக்கல் விசில்தான். களத்தில் டீ இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்து கதை பேசினார்கள். ஸ்டோர் காவலுக்கு இருக்கும் முருகவேல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு மெதுவாக ஏறினான்.

பழைய மேஸ்திரி திருமலைச்சாமி வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போனபோது, விசில் தனக்குத்தான் வரும் என்று முருகவேல் மீசையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தான். முதலாளி அதைக் கந்தம்மாளிடம் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெண் மேஸ்திரி இதுவரை கிடையாது. கந்தம்மாள் அன்று விசிலை வாங்கி முந்தானையால் துடைத்து, மஞ்சள் கயிற்றில் கோர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆசை என்றே சொல்லலாம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இத்தனை வருஷமாக யாரோ ஊதி அவள் எழுந்தாள், யாரோ ஊதி உட்கார்ந்தாள். இப்போது அவள் ஊதினால் மலைச்சரிவே அசைந்தது.

சாயங்காலம் செண்பகனூரிலிருந்து முதலாளி போன் செய்தார். அங்கே அவருக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. சீசன் நாளில் லாட்ஜ்தான் அவருக்குத் தோட்டம், தோட்டம் அவருக்குத் தலைவலி.

"கந்தம்மா, நெனச்ச நேரமெல்லாம் விசில் ஊதி ஆள்களை உக்கார வைக்கியாமே? இந்த வாரத்துல இது எத்தனாவது தடவை?"

"ஐயா, சத்தியமா நான் ஊதலைங்க."

"பின்ன விசிலு தானா ஊதுதா? பொம்பளை கையில குடுக்காதீகன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. நாந்தேன் கேக்கல. புதன்கிழமை நேர்ல வாரேன். நீதான்னு தெரிஞ்சா விசிலை முருகவேல்கிட்ட குடுத்துட்டு, பழையபடி பழம் பறிக்கப் போயிரு."

கந்தம்மாளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கையருகிலேயே இருந்தாள்: நதியா.

நதியா ஒரு குரல் களஞ்சியம். முதலாளி இருமுகிற மாதிரி இருமுவாள், பஸ் கண்டக்டர் மாதிரி கத்துவாள், மைக் கட்டிய ஐஸ்கிரீம் வண்டி மாதிரிப் பாடுவாள். கந்தம்மாள் மேஸ்திரியான அன்றே அவள் திக்கி ஊதுவதை வாயாலேயே செய்துகாட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவள். மறுநாள் வெள்ளனே கந்தம்மாள் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கிழித்துவிட்டாள்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட எத்தனை நாளாடி காத்திருந்த? போ, கீழ்ப்பத்தியில தனியா நின்னு பற. அங்கெ நின்னு ஊது, குரங்கு வந்து டீ குடிக்கும்!"

நதியாவுக்குக் கண் கலங்கியது. சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் கீழ்ப்பத்தியில், சரிவின் கடைசி வரிசையில், குனிந்து பறித்துக்கொண்டிருப்பது மேலே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அப்படித் தெரிந்துகொண்டிருக்கும்போதே மேற்புறச் சரிவிலிருந்து, நிழல் மரங்களுக்குள்ளிருந்து, 'ப்ரீ... ப்ரிப்ரீ' என்று விசில் கேட்டது.

பெண்கள் ஓடினார்கள். கந்தம்மாள் நகரவில்லை. நதியா கீழே நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தாள். மேஸ்திரி போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். கௌரவம் விடவில்லை.

அன்று டீ வரும்வரை பேச்சு முழுக்க இதுதான். "செந்நாயா இருக்கும்" என்றாள் நாச்சியம்மாள். "அது மத்த நாய் கணக்கா குரைக்காதுல்ல, கூட்டம் பிரிஞ்சா விசிலடிச்சுத்தான் ஒண்ணை ஒண்ணு கூப்பிடும்." "காட்டுமாடுகூட பயந்தா மூக்கால விசிலடிக்கும்" என்றாள் இன்னொருத்தி. பேச்சு அங்கே நிற்குமா? யானை காலடியில் மண் அதிர்வதை வைத்தே தூரத்து யானையைத் தெரிந்துகொள்ளும் என்றார்கள். கரடி புற்றில் வாயை வைத்துக் கரையானை உறிஞ்சுகிற சத்தம் அடுத்த சரிவுவரை கேட்கும் என்றார்கள். காட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வித்தை இருந்தது. ஆனால் பல்லுச் சந்து உள்ள செந்நாயை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் பெண்கள் வருவதற்கு முன்பே கந்தம்மாள் கையில் ஒரு கம்போடு மேற்புறச் சரிவுக்குப் போய், பெரிய பலாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறது செந்நாயோ மனுஷ நாயோ, இரண்டிலொன்று பார்த்துவிடுவது என்று முடிவு.

முதலில் வந்தது தவிட்டுக்குருவிக் கூட்டம். சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடின. ஒன்றுக்கு நல்ல கொழுத்த புழு கிடைத்தது. உடனே தலைக்கு மேலே வல்லூறு கத்தியது. குருவிகள் புழுவைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தன. கந்தம்மாளும் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் வல்லூறு இல்லை. பலாக்கிளையிலிருந்து ஒரு கரிச்சான் நிதானமாக இறங்கி, புழுவை எடுத்துக்கொண்டு மேலே போனது. மை கறுப்பு. வாலில் நீளமாக இரண்டு கம்பி, கம்பி நுனியில் துடுப்பு மாதிரி ஆளுக்கொரு குஞ்சம்.

புழுவை விழுங்கிவிட்டு அது பூனை மாதிரிக் கத்தியது. மலையணில் மாதிரி அதட்டியது. எதிர்ச் சரிவில் பெண்கள் வந்து பறிக்க ஆரம்பித்திருந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் எல்லோர் கையும் மந்தமாக ஓடியது. கரிச்சான் அந்தப் பக்கம் திரும்பிக் கழுத்தை நீட்டியது.

'ப்ரீ... ப்ரிப்ரீ.'

பல்லின் சந்தைக்கூட விடவில்லை, படுபாவி. பெண்கள் செடிகளை உரசிக்கொண்டு ஓடினார்கள். இலைக்கடியில் தூங்கிய பூச்சியெல்லாம் பொரி மாதிரி எழும்பியது. கரிச்சான் அதற்குள் பாய்ந்து பாய்ந்து விருந்து சாப்பிட்டது. குருவிக்கு வல்லூறு சத்தம், மனுஷிக்கு டீ விசில். எதற்கு எது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கந்தம்மாளுக்கு முதலில் கம்பை எறிய வேண்டும்போல இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. தனியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விஷயத்தைச் சொன்னபோது முருகவேலும் சிரித்தான், ஆனால் அது வேறு சிரிப்பு. "குருவி விசில் ஊதுதாக்கும்? அடுத்து அணிலு வந்து பழம் எடை போடும்னு சொல்லுவ. முதலாளி வரட்டும், அவருகிட்ட சொல்லு."

புதன்கிழமை முதலாளி வந்தார். ஜீப்பை விட்டு இறங்கியதும் கையை நீட்டினார். "விசிலை இங்கெ குடு. என் பையில இருக்கட்டும். அப்பவும் விசில் கேட்டா நீ சொல்றதை நம்புறேன்."

விசில் அவர் சட்டைப் பைக்குள் போனது. பலாமரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கந்தம்மாள் மரத்தையே பார்த்தாள். கரிச்சான் மேலேதான் இருந்தது. இறக்கையைக் கோதியது, பூச்சி பிடித்தது, வாலை ஆட்டியது. ஊதவில்லை. வெயில் ஏறியது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். முருகவேல் மீசையைத் தடவினான்.

"கந்தம்மா, ஒன் குருவிக்கு இன்னிக்கு லீவா?"

அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் விடாமல் ஊதிய சனியன், வேண்டும் என்கிற நாளில் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறதே! சுற்றிலும் பார்த்தாள். முதலாளி பார்க்கிறார் என்பதால் பெண்கள் என்றைக்கும் இல்லாத வேகத்தில் பறித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு இல்லை, நிமிர்வது இல்லை. ஒவ்வொரு செடியும் குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலிலும் பூச்சி எழும்பியது.

வயிறு நிறைந்த பறவை எதற்கு ஊத வேண்டும்?

செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலாளி முன்னால், வேலை நேரத்தில், எந்த மேஸ்திரியும் சொல்லாத வார்த்தை அது. தப்பினால் விசில் மட்டுமல்ல, வேலையும் போகும்.

"எல்லாரும் கையை எடுங்க! அப்படியே உக்காருங்க! ஒரு இலை அசையக் கூடாது!"

ஒருத்தியும் உட்காரவில்லை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்ன இது, என் கண்ணு முன்னாடியே..."

அப்போது கீழ்ப்பத்தியிலிருந்து ஏறி வந்திருந்த நதியா, சாக்கை ஓரமாக வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மேஸ்திரி சொல்லுதுல்ல. உக்காருங்கக்கா" என்றாள், தன் சொந்தக் குரலில். நாச்சியம்மாள் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். கந்தம்மாள் நதியாவைப் பார்த்தாள்.

தோட்டம் ஓய்ந்து கிடந்தது. பூச்சிகள் இலைக்கடியில் அடங்கின. கரிச்சான் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவியது. குனிந்து பெண்களைப் பார்த்தது. முதலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

'ப்ரீ... ப்ரிப்ரீ!'

முதலாளியின் கை சட்டைப் பைக்குப் போனது. விசில் உள்ளேதான் இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தார், காதருகே வைத்துப் பார்த்தார். பெண்கள் அதற்குள் வழக்கம்போல எழுந்து பாதி தூரம் ஓடியிருந்தார்கள். பூச்சி எழும்பியது, கரிச்சான் பாய்ந்தது, குஞ்சம் இரண்டும் பின்னால் பறந்தன. சுவாமிநாதன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஐயா, கவட்டையில கல்லை வெச்சு ஒரே அடி, சோலி முடிஞ்சது" என்றான் முருகவேல், வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"அதைத் தொட்ட, கையை ஒடிப்பேன்" என்றாள் கந்தம்மாள். "நம்ம செடியில பூச்சி பொறுக்குது. கூலியும் கேக்கல. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

முதலாளி விசிலை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக நதியாவிடம் போனாள்.

"தப்புத்தேண்டி. கோவத்துல வாயி நீண்டுருச்சு. மனசுல வெச்சுக்காத."

"கொரங்கு டீ குடிக்கும்னு சொன்னியேக்கா, அதைத்தான் தாங்க முடியல" என்றாள் நதியா, அப்படியே கந்தம்மாளின் குரலில். இருவருக்கும் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பறிப்பு மறுபடி தொடங்கியது. முதலாளி ஜீப்பில் ஏறப் போகும் நேரம் பலாமரத்திலிருந்து விசில் வந்தது. அவர் சட்டென்று நின்று, களத்துப் பக்கம் திரும்பி, பிறகு அசடு வழிய வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

பெண்களில் ஒருத்தியும் ஓடவில்லை. கிளையைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, அத்தனை முகமும் கந்தம்மாள் பக்கம் திரும்பியிருந்தது. கரிச்சான் இன்னொரு தடவை ஊதிப் பார்த்தது. முகங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கந்தம்மாள் வெற்றிலையை மடித்து, அவசரப்படாமல் வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள், மரத்தில் இருந்ததும் சேர்த்து. அவள் மென்று முடித்து, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"சரி, டீக்குப் போங்க."