மாதா தங்கும் வாரம்

எங்கள் சந்தில் ஓர் உயிரின் விலை நூற்றிருபது டாலர். நான் பேசி முடித்த விலை அது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி. தொங்குதொட்டில் விற்கிற ஒருவன் தன் கடையின் பின்கட்டில் வைத்து ஆயிரத்து நானூறில் ஆரம்பித்தான். நான் சிரித்தேன், எழுந்து போனேன், திரும்பி வந்தேன், துருவைக் காட்டினேன், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். தொள்ளாயிரத்து அறுபதில் படிந்தது, வீட்டுக்கு நூற்றிருபது. ஆறு தோட்டா இனாம். எங்கள் துறைமுக ஊரான குவாயாகீலில் இதைவிட மலிவாக எவனும் நிம்மதி வாங்கியிருக்க மாட்டான் என்று அன்று மார்தட்டிக்கொண்டேன்.

ஆற்றோரச் சந்தையில் எனக்குப் பூட்டுக் கடை. ஓல்மேதோ கடை என்றால் தெரியும். பயம் கூடக் கூட வியாபாரம் கூடும். மூன்று வருடமாக எனக்கு நல்ல காலம், ஊருக்குக் கெட்ட காலம். என் வீட்டு வாசலில் மட்டும் ஏழு பூட்டு. தீப்பிடித்தால் வெளியே வர எனக்கே கால்மணி நேரம் ஆகும் என்று என் மனைவி நார்சிசா சொல்வாள். பூட்டு விற்பவனுக்குத்தான் தெரியும், பூட்டு என்பது யோக்கியனை யோக்கியனாகவே வைத்திருக்கும் பொருள். மற்றவனுக்கு அது இரண்டு நிமிட வேலை. பிப்ரவரியில் பட்டப்பகலில் சந்தின் கடைசி வீட்டுக்குள் நாலு பேர் புகுந்து, தையல்காரர் பொலீவியோவின் பல்லை உடைத்துவிட்டுப் போனபோது, அந்த வாசலில் தொங்கியதும் என் கடைப் பூட்டுதான். அதற்கப்புறம்தான் துப்பாக்கிப் பேச்சு எழுந்தது.

வீட்டுக்கு ஒன்று வாங்க எங்களுக்கு வக்கில்லை. முறை வைத்துக்கொள்வது என்று முடிவானது. வாரத்துக்கு ஒரு வீடு. ஆனால் அதை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? வங்கியில் காவல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஹோல்கர் அண்ணன்தான் வழி சொன்னார். "மாதா இருக்காளே!"

எங்கள் சந்தின் மாதா முழங்கால் உயரப் பெட்டியில் இருப்பவள். கண்ணாடிக் கதவு, நீல அங்கி, காலடியில் காணிக்கைக்கு ஒரு துளை, அதன் கீழே இழுப்பறை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஜெபமாலையோடு போவாள். எட்டு வாரத்தில் ஒரு சுற்று. இழுப்பறையில் துணி சுற்றித் துப்பாக்கியை வைத்தோம். எந்தத் திருடன் மாதா மேல் கை வைப்பான்? அவ்வளவு புத்திசாலித்தனம். மாதா தங்கும் வீட்டு ஜன்னலில் நீல விளக்கு எரிய வேண்டும் என்பது வழக்கம். துப்பாக்கியை ஒளித்துவைத்த எட்டுக் குடும்பமும் பக்தியாக அந்த விளக்கையும் ஏற்றிக்கொண்டிருந்தோம். அது தெருமுனை வரைக்கும் தெரியும். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ஒரு பையன் என் கடைக்கு வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் சிவப்புத் தலைக்கவசம். இருப்பதிலேயே பெரிய பூட்டை எடுத்தான். பதினெட்டு என்றேன், பதினொன்றில் படியும் சாமான். அவன் இருபதை நீட்டி, "மிச்சத்த வச்சுக்குங்க" என்றான்.

நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல நோட்டுதான். எங்கள் சந்தையில் பேரம் பேசாமல் காசு கொடுப்பவர்கள் இரண்டு வகை. ஊருக்குப் புதியவன், இல்லையென்றால், கொடுத்ததை வேறு வழியில் திரும்ப எடுக்கத் தெரிந்தவன். இவன் பேச்சு எங்கள் தெற்குப் பக்கத்துப் பேச்சு.

"மொதலாளி, இந்த வாரம் மாதா உங்க வீட்லதானே?"

"ஆமா தம்பி. யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீல லைட்டு தெரியுதே." பூட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே சொன்னான். "எங்கம்மாவுக்கு ஒரு ஆச. மாதாவ ஒரு வாரம் வீட்ல வச்சுக் கும்புடணுமாம். சனிக்கெழம அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

"அது சந்துக்காரங்க முறை தம்பி. நான் ஒருத்தன் எப்படி..."

"நீங்க பேசுனா படிஞ்சிரும். ஆயிரத்தி நானூறுன்னவனையே எறக்குன ஆளாமே நீங்க."

தொட்டில்காரன் துப்பாக்கிக்குச் சொன்ன விலை அது. அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான்.

"இன்னொண்ணு மொதலாளி. பெட்டியில எதையும் மாத்த வேணாம். மாதாவுது மாதாகிட்டயே இருக்கட்டும்."

பூட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நார்சிசா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "மடியில கனத்தக் கட்டிக்கிட்டு வழியில பயமா இருக்குதுன்னா யாரு என்ன பண்றது? தூக்கி உப்பங்கழியில போடுய்யா."

"போட்டா? 'போட்டுட்டேன்'னா நம்புவானா? ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சு உன் வெரல ஒவ்வொண்ணா ஒடிச்சுக் கேப்பான்."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். இருக்கிற பொருளைக் காட்டிவிடலாம். இல்லாத பொருளை எப்படிக் காட்டுவது? சந்தையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வித்தை மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை.

வியாழக்கிழமை மாலை சந்தின் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் எட்டு வீட்டாரும் கூடினோம். எப்போதும் எட்டு வீட்டுக்கும் கேட்கக் கத்துகிறவர்கள் அன்று காற்றுக்குக் கேட்காமல் பேசினார்கள். நான் ஹோல்கர் அண்ணனைத்தான் நம்பியிருந்தேன்.

"அண்ணே, நீங்க சுடத் தெரிஞ்சவரு. உங்க வீட்ல இருக்கட்டுமே."

"எனக்குச் சர்க்கர இருக்கு ஓல்மேதோ. கை நடுங்குது. முறைன்னா முறைதான்."

"வாங்குறப்ப சர்க்கர இல்லையா?" என்றாள் நார்சிசா.

"என் பங்க நான் கேக்கல, விட்டுட்டேன்" என்றார் பொலீவியோ, புதுப் பல்லை மறைத்துக்கொண்டு. இன்னொருத்தர் தன் பங்கை விட்டது மட்டுமில்லாமல், யார் எடுத்துக்கொண்டாலும் மேலே முப்பது டாலர் தருவதாகச் சொன்னார். அது ஐம்பதானது. பிறகு ஒரு பழைய மின்விசிறியும் சேர்ந்தது. விலை ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போவதை அன்றுதான் பார்த்தேன். அப்போதும் வாங்க ஆளில்லை. அதைவிட மோசமானது வேறொன்று. பேசுகிற ஒவ்வொருவர் முகத்தையும் மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விலை அவனுக்கு எப்படித் தெரிந்தது? தொட்டில்காரன் சொன்னானா, இல்லை இந்த எட்டில் ஒரு வாயா?

நான் வேறு கணக்கில் இருந்தேன். சனிக்கிழமை எப்படியும் மாதா இடம் மாறும் நாள். அடுத்த முறை சொய்லா அக்காவுடையது. எதிர்வீட்டு ஜன்னலில் வாழைக்காய் உருண்டை விற்கிற, புருஷன் இல்லாத, மகன் ஸ்பெயினுக்குப் போய்விட்ட சொய்லா அக்கா. ஏழு மணிக்குப் போகிற மாதா நாலு மணிக்கே போனால், ஐந்து மணிக்கு நீல விளக்கு எரிவது அவள் ஜன்னலில்.

கூட்டம் கலைந்ததும் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "நாலு மணிக்கே கொண்டாந்து தள்ளிரலாம்னு பாக்குற, இல்ல?"

"சே, என்னக்கா நீ..."

"உங்கம்மா அழுகுன தக்காளிய அடியில போட்டுக் கட்டுறப்ப இப்பிடித்தான் முழிப்பா." அவள் சிரிக்கவில்லை. "கொண்டா. கதவத் தெறந்துதான் வச்சிருப்பேன். என் முறைதானே?"

சனிக்கிழமை நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினேன். நார்சிசா ஏழு பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். வாசல் வரை போனேன். எதிரே சொய்லா அக்கா ஒரு நாற்காலியைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், மாதாவை உட்கார வைக்க. குனிந்து, அதன் நாலு காலையும் ஒவ்வொன்றாக. பெட்டி கையில் கனத்தது. திரும்பி உள்ளே வந்து மேசையில் வைத்தேன். இழுப்பறையைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன். அவனிடம் போனால் அது யாரையாவது கொல்லும், எங்கள் காசில். என்னிடம் இருந்தால்? வாங்கிய நாளிலிருந்து அதை விலைக்காகத் தவிர வேறெதற்கும் நான் தொட்டதில்லை.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மோட்டார் சைக்கிள் சத்தம். ஒரு வண்டியில் இரண்டு பேர். எங்கள் ஊரில் ஒரே வண்டியில் இரண்டு தலைக்கவசம் என்றால் யாரையோ சுட வருகிறார்கள் என்று அர்த்தம், கடைகள் தானாகச் சாத்திக்கொள்ளும். சந்துக் கேட்டில் நான் போட்ட பூட்டு. மொத்தம் எட்டுச் சாவி. அதை அவர்கள் உடைக்கவில்லை, தட்டிக் கூப்பிடவுமில்லை. பையன் சட்டைப் பையிலிருந்து ஒன்பதாவது சாவியை எடுத்து, தன் வீட்டுக்கு வருகிறவன் போலத் திறந்துகொண்டு வந்தான்.

கதவுக்குப் பின்னால் நின்று துளை வழியாகப் பார்த்தேன். நார்சிசா என் முதுகில் நெற்றியை வைத்திருந்தாள். அவள் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது என் எலும்பில் கேட்டது. துப்பாக்கியின் விசையில் என் விரல் வழுக்கியது. பின்னால் வந்த ஆள் வாசலில் நின்று தோள்பைக்குள் கையை விட்டான். இப்போது. இப்போதே. ஹோல்கர் அண்ணன் ஒருமுறை காட்டிக்கொடுத்தது ஞாபகம் வரவில்லை. அழுத்துவதா இழுப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

பையிலிருந்து வந்தது ஒரு கொத்து வெள்ளைப் பூ. தலைக்கவசம் கழன்றது. ஐம்பது வயது அம்மாள், வியர்வையில் நெற்றியில் ஒட்டிய நரைமுடி.

துப்பாக்கியை முதுகுப் பக்கம் சொருகிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முட்டி நோவோடு மாதாவின் முன் மண்டியிட்டு அழ ஆரம்பித்தாள். "தாயே, பெரியவன எடுத்துக்கிட்டாங்க. இவனையாச்சும் எனக்கு விட்டுவை." பிறகு மடியிலிருந்து ஒரு நாணயம் எடுத்துத் துளையில் போட்டாள். அது வெறும் பலகையில் விழுந்து உருண்டு ஓய்ந்தது. அந்தச் சின்னச் சத்தத்தை வீட்டிலிருந்த நாலு பேரும் கேட்டோம். பையன் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தான்.

பெட்டியைத் தூக்கினான். மேலும் கீழும் ஒருமுறை அசைத்தான், நாங்கள் சந்தையில் பூசணியைப் பார்ப்பது போல.

"லேசா இருக்கே, மொதலாளி."

"மாதா என்னைக்குடா யாருக்கும் பாரமா இருந்தா?" என்றாள் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தான். குரல் மாறவே இல்லை. "அடுத்த சனிக்கெழம திருப்பிக் கொண்டாறேன். எந்த வீட்ல குடுக்கணும்?"

எதிரே சொய்லா அக்காவின் கதவு விரியத் திறந்திருந்தது. அவளே வாசலில் நின்றாள், கையில் துடைத்த துணியோடு. ஒரு வார்த்தை போதும். 'எதிர்வீடு' என்ற வார்த்தை வாய்க்குள் உருண்டு தயாராக இருந்தது; வாழ்க்கை முழுக்கச் சொத்தைச் சரக்கை அடுத்தவன் கூடைக்குத் தள்ளிய வாய்.

"இங்கதான் குடுக்கணும்" என்றேன். "என் வாரம் இன்னும் முடியல."

"நல்லது. அதுக்குள்ள காணாமப் போனதத் தேடி உள்ள வச்சிருங்க."

வண்டியில் அம்மாள் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டாள். கேட்டை அவனே மறக்காமல் பூட்டிவிட்டுப் போனான். நார்சிசா ஏழு பூட்டையும் போட்டுவிட்டு, எதற்கு என்று தெரியாதவள் போலச் சாவிக்கொத்தோடு நின்றாள். மேசையில் பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தூசியில்லாமல் இருந்தது. அதன் நடுவில் கொத்திலிருந்து உதிர்ந்த ஒரு பூ.

வரவு, ஒரு வெள்ளைப் பூ. பற்று, மாதா ஒருத்தி, யார் கொடுத்தது என்று தெரியாத சாவி ஒன்று. கையிருப்பு, தோட்டா ஆறு. பாக்கி, ஏழு நாள்.