முப்பத்தாறு வருஷம் செல்லாத கல்யாணம்

"என்னைத் தாரை வாத்துக் குடுக்க நீயும் அப்பாவும்தான் மணையில உக்காரணும். சித்தப்பாவும் சித்தியும் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா சொல்லி வந்திருக்கிறார். எந்த விசேஷத்திலும் அம்மாவை அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. இருபத்து மூன்று வயது வரை நானும் கேட்கவில்லை. இப்போது என் கல்யாணப் பத்திரிகையின் புரூப் கையில் இருந்தது. ஆவணி முகூர்த்தம். மாப்பிள்ளை சேத்தூர் பால்சாமி, என்னோடு மதுரையில் சட்டம் படித்தவன். அவன் பெயர் சரியாக இருந்தது. செல்லத்தாய் என்று என் பெயரும் சரியாக இருந்தது. தாரை வார்ப்பவர்கள் என்ற இடத்தில் மட்டும் ராக்கப்பன் – வெள்ளைத்தாய் தம்பதியர் என்று சித்தப்பா, சித்தி பெயர். பெற்றவர்கள் இரண்டு பேரும் வீட்டில் கல்லுப்போல இருக்கும்போது.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அது ஆகாதுடி. ஆகாதுன்னா ஆகாது. போறும், விடு."

மனசு தடுமாறினால்தான் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுத் தமிழ் வரும்.

அம்மா பத்மாசனி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலை ஒட்டிய வைஷ்ணவ வீட்டுப் பெண். அப்பா சோணைமுத்து அந்த வீட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். நாற்பத்தெட்டு ஐப்பசியில் இரண்டு பேரும் பக்கத்திலிருக்கும் பெருமாள் மலையில் ஏறித் தாலி கட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா மில்லில் சேர்ந்தார். மூன்றாவது வாரம் அம்மாவின் அண்ணன் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஜாதி மாறிக் கட்டிய தாலி சட்டப்படி தாலியே இல்லை, உன்னைப் பெண்டாட்டி என்று எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது என்று அந்த வக்கீல் தெருவே கேட்கச் சொன்னாராம். அன்றைக்கு அவர் சொன்னது பொய்யும் இல்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது.

அம்மா அண்ணனோடு போகவில்லை. ஆனால் வக்கீல் சொன்னதை நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு தம்பதியாக வாங்க என்று யார் கூப்பிட்டாலும் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஓட்டர் லிஸ்டில் இன்றைக்கும் அவள் பெயரோடு இருப்பது தகப்பன் பெயர்தான். இவ்வளவும் வெள்ளைத்தாய்ச் சித்தி வாயிலிருந்து துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது.

போன மாதம், எண்பத்தைந்து ஜூனில், தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரரும் மற்றவரும் கல்யாணம் செய்யக் கூடாது என்ற சட்டத்தை எடுத்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. சத்தமாக வாசித்தேன். அமெரிக்காவில் பதினாறு மாநிலங்களில் இதே தடை அறுபத்தேழு வரை இருந்தது, ஒரே தீர்ப்பில் போயிற்று என்று படித்த திமிரில் சேர்த்தும் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாதான் கேட்டாள்: "எடுத்தது சரி. அதுக்கு முன்னாடியே பண்ணிண்டவா என்ன ஆவா?"

அவள் கேட்டது தென்னாப்பிரிக்காவைப் பற்றி இல்லை என்று புரியவே இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் மதுரைக்குப் பஸ் ஏறினேன். லைப்ரரியில் புத்தகம் புத்தகமாகப் புரட்டி, கிடைத்ததை நோட்டில் எழுதி வந்தேன்.

அந்த நோட்டைத்தான் இப்போது பிரித்து வாசித்தேன். இந்துக்கள் இருவர் வேறு வேறு ஜாதி என்ற ஒரே காரணத்துக்காக அவர்களுடைய கல்யாணம் செல்லாமல் போகாது. முன்பும் அது செல்லாமல் இருந்ததாக ஆகாது. நாற்பத்தொன்பதாம் வருஷத்துச் சட்டம். அதே வருஷம்தான் தென்னாப்பிரிக்காவில் தடையைப் போட்டார்கள்.

"முன்பும்னா?" என்றாள் அம்மா.

"உங்க ஐப்பசியும் சேத்துத்தான். வக்கீல் வந்துட்டுப் போயி ஏழு மாசத்துல வந்துருக்கு. செல்லாதுன்னு சொல்ல வந்த ஆளு, செல்லும்னு சொல்ல வரலை."

அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். உங்களுக்காவது யாரும் சொல்லலையா என்று கேட்டாள்.

"மில்லுல பஞ்சு எம்புட்டு வந்துச்சுன்னு சொல்லுவான். சட்டம் வந்துச்சுன்னு எவன் சொல்லுதான்?" என்றார் அப்பா. விரலை மடக்கி வருஷத்தை எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அப்ப முப்பத்தாறு வருசமா இவ எம் பொண்டாட்டியா? முன்னாலயே தெரிஞ்சிருந்தா ரெண்டு அதட்டு அதட்டியிருப்பேனே."

"எங்கே, இப்போ அதட்டுங்கோ பார்ப்போம்."

"பொறவு பாத்துக்கிடுவோம்" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வெகுநேரம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் காதுகுத்துக்குக்கூட அவள் அடுப்படியில் நின்றவள்.

ஆனாலும் இரண்டு பேரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். ராக்கப்பன் மணைக்கு வேட்டி எடுத்துவிட்டான், கோவித்துக்கொள்வான் என்று அப்பா இழுத்தார். வெள்ளைத்தாய் பாவம், ஆசையாக இருக்கிறாள் என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். சட்டத்துக்குத் தெரிந்தால் போறும், மணை எதுக்கு என்றாள்.

"எனக்குப் போதாது. செல்லாதுங்கிறதை அந்த ஆளு தெருவே கேக்கச் சொன்னான். செல்லும்கிறதை மட்டும் நாம அடுப்படியில வச்சுப் பேசணுமா?"

அம்மா களைந்த அரிசியை இன்னொரு தடவை களைந்தாள். தண்ணீரை வடித்தாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து யாராவது வந்து சிரிச்சா?"

"சிரிச்சுட்டுச் சாப்பிட்டுப் போகட்டும்."

"அப்போ அவர் பேரை முதல்ல போடு" என்றாள், என்னைப் பார்க்காமல். "என் பேரைச் சின்னதாப் போட்டாப் போறும்."

பேனாவை எடுத்துச் சித்தப்பா பெயரையும் சித்தி பெயரையும் அடித்தேன். பத்மாசனி என்று முதலில் எழுதினேன், பெரிய எழுத்தில். பக்கத்தில் சோணைமுத்து. புரூபை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். முதலில் சித்தப்பா வீடு, பிறகு பிரஸ். சித்தப்பா கத்துவார். கத்தட்டும்.

"ஏட்டி, சொன்ன மாதிரிதான எழுதுன?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார். நான் தெருவில் நடந்துகொண்டிருந்தேன்.