முட்டை சுமந்த வாய்

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான கரம்பொன்னில் கிறிஸ்தோப்பர் 1998ஆம் ஆண்டு இரண்டு மாதம் மீன்முட்டைகளை வாயில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். அவ்வளவு நாளும் ஒரு பருக்கை சோறு அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அதற்கு முந்திய மாரியில், மனைவி கத்தரீனாவுக்கு வலி கண்ட காலையில், "வலையை எடுத்துப்போட்டு ஓடிவாறன். அதுக்குள்ள ஒண்டும் நடக்காது" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார். சண்டைக் காலம், கடற்படை மத்தியானம்வரைதான் தொழிலுக்கு விடும். அன்று மீன் நன்றாகப் பட்டது, மத்தியானம்வரை நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு மாக்கிறேற் உழவு இயந்திரம் பிடித்து அவளை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது. பெண் குழந்தை, அழவேயில்லை. கத்தரீனா அவரை ஏசவில்லை. சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், பேச்சை மட்டும் விட்டுவிட்டாள்.

பங்குனியில் அவர் வலையில் ஒரு கெளிறு வந்தது. கரையோரச் சேற்றை மீசையால் தடவி இரை தேடும் மீன் அது. பெண் இட்ட முட்டைகளை ஆண் வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் நீந்தும்வரை பட்டினி கிடக்கும். மற்றவர்களைப்போல அவரும் அதுவரை அந்த வாய்களிலிருந்த முட்டைகளை உதறிவிட்டுத்தான் கூடையில் போட்டிருந்தார். இதன் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. செத்த பிறகும் வாய் திறக்கவில்லை. விரலால் நெம்பினார். உள்ளே, பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளை அளவில் மஞ்சள் முட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நற்கருணைக்கு வாயில் இடமில்லையென்று சுவாமியார் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார். காவலரண் சிப்பாய் வாயைத் திறக்கச் சொன்னான். முட்டைகளுக்குள்ளிருந்து கண்கள் அவனைப் பார்த்தன. பிறகு அவன் கேட்கவில்லை. கத்தரீனா சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முட்டைகள் காயாமலிருக்க வாளியில் கடல்நீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைக்கத் தொடங்கினாள்.

வைகாசியில் குஞ்சுகளின் மீசை அண்ணத்தைக் கூசவைத்தது. இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் இறங்கி வாயைத் திறந்தார். எல்லாம் சேற்றை நோக்கிப் போயின. ஒன்று மட்டும் திரும்பி வாய்க்குள் வந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்து அதையும் விட்டார்.

கரையில் கத்தரீனா நின்றாள்.

"அண்டைக்கு நான் உடனை வந்திருக்கவேணும்" என்றார்.

"ஓம். வந்திருக்கவேணும்." திரும்பி நடந்தபடி, "வாங்கோ, கஞ்சி ஆறுது" என்றாள்.

அதை மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பங்குனியிலும் கடலிலிருந்து முட்டைகளோடு வாயை மூடிக்கொண்டு வந்தார், அதற்கடுத்ததிலும். சண்டை முடிந்த 2009இலும் அப்படித்தான். பங்குனி பிறந்தால் கத்தரீனா கேட்காமலே உலையில் ஓராளுக்கு மட்டும் அரிசி போடுவாள்.