ஒரே நம்பரில் இரண்டு பேர்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும், சிவப்புப் பேனாவால் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். மனிதரிடம் ஒரே குறை: பிழை என்பது எப்போதும் அடுத்தவர் செய்வது என்று நம்பினார். இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் "நான் தப்பு பண்ணிட்டேன்" என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் மனைவிக்குப் பரீட்சை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக நர்ஸ். வார்டுக்குப் பொறுப்பாளர் ஆக வேண்டுமென்றால் இதில் தேற வேண்டும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். ஆனால் நடுவில் இணைப்பு அறுந்தால் கதை முடிந்தது, மறுபடி அடுத்த வருடம்தான். அதற்காகவே அவர் ஆசை ஆசையாகப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, முந்தின நாளே படுக்கையறையில் மாட்டியிருந்தார். ஹாலில் இருக்கும் பழசு அவருடையது.

புதுசு வந்ததுதான் தாமதம், இணைப்பு கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்துவிட்டது. வரும், போகும், மறுபடி வரும். அவர் ரூட்டரை அணைத்துப் போட்டார். வயரை மாற்றினார். மேஜைக்கு அடியில் புகுந்து, வெளியே வரும்போது நங்கென்று தலையை இடித்துக்கொண்டார்.

"லைன் கொடுத்தவன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்!"

"என் போன்ல நல்லாத்தானே வருது," என்றாள் மனைவி.

"போன் வேற, கம்ப்யூட்டர் வேற. உனக்குப் புரியாது."

புரியாதவள் ஒரு காகிதத்தை எடுத்து, நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பது போல நேரம் போட்டுக் குறிக்கத் தொடங்கினாள். மணி மூன்று ஆனபோது அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, உங்க மிஷின நீங்க அணைச்சா என்னுது ஜம்முனு ஓடுது. நீங்க போட்டதும் படுத்துடுது."

"அதுக்காக நான் அணைச்சிட்டு உக்காரவா? அஞ்சு மணிக்குள்ள புரூஃப் போகலேன்னா அச்சகத்துல என்னைத் தோலை உரிச்சிடுவாங்க."

"நான் அணைக்கச் சொல்லல. புதுசுல இணைப்புக்குன்னு ஏதோ நம்பரெல்லாம் போட்டீங்களே, அது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "பழசுல இருந்ததை ஒரு புள்ளி விடாம நோட்டுல எழுதி, அப்படியே அடிச்சேன். ரெண்டு தடவை சரிபார்த்தேன். எழுத்து பிசகல."

அவள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "எங்க வார்டுல ரெண்டு பேருக்கு ஒரே பெட் நம்பர் போட்டா என்னாகும் தெரியுமா? ஒருத்தருக்குச் சாப்பாடு வரும், இன்னொருத்தர் பட்டினி கிடப்பார்," என்றாள்.

பூதக்கண்ணாடியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! புதுசின் முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே இணைப்பு நம்பரைக் கொடுத்திருந்தார். புதுசின் நம்பரில் கடைசியில் இருந்த பத்தைப் பதினொன்றாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கண்ணெதிரே இருக்கும் மூலத்துக்கு மாறாக அடிப்பது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. விரல் தயங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

இரண்டு கம்ப்யூட்டரும் சமர்த்தாக ஓடின. அரை மணி நேரம் சோதித்துப் பார்த்தார்கள்; ஒன்றும் படுக்கவில்லை.

நான்கு மணிக்குப் படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது. அவர் புரூஃபை அனுப்பிவிட்டு, எதற்கு வம்பு என்று தன் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டார். பரீட்சை போய்விட்டால் அந்தப் பாவம் தன் தலையில்தான் என்று பயம். அடுப்படியில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாமல் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. "கம்ப்யூட்டரே மார்க்கும் போட்டுடுச்சு. பாஸ்! எண்பத்தாறு!" என்றாள் அவள், குழந்தை மாதிரி.

அவர் சந்தோஷத்தில் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தார். அதைத் திறந்து, பத்து என்று எழுதியிருந்த வரியைக் காட்டி, யார் கையிலும் கொடுக்காத சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீயே திருத்து. தப்பு என்னோடதுதான்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் திருத்தவில்லை. "என்ன சொன்னீங்க? சரியா காதுல விழல."

அவர் சிரித்துவிட்டார். ஒரு எழுத்துக்கூட விடாமல் அப்படியே திருப்பிச் சொன்னார்.