இடது பக்கத்துத் தொட்டி

லமார் டீஸ் புது வண்டி வாங்கிவிட்டான் என்ற செய்தி காதில் விழுந்த அன்றே கோல்பி ஹேகுட்டுக்கு வயிறு எரிந்தது. அதே வண்டி சனிக்கிழமை காலை அவன் வேலை பார்க்கும் டயர் கடைக்குள் நுழைந்து நின்றபோது எரிச்சல் தொண்டைவரை ஏறிவிட்டது. கருநீல நிறம். பின்னால் படகு இழுக்கக் கொக்கி. படகு இன்னும் வாங்கவில்லை. ஆனால் கொக்கி வைத்தவனுக்குப் படகு வராமலா போகும்?

கடை ஓக்லஹோமாவில், ராணுவ முகாமின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. வேறு ஊரில் வேலை தேடிக்கொள் என்று அவன் அக்கா ஜோலின் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. சீருடை போட்டவர்கள் உள்ளே போவதையும் வருவதையும் பார்த்து எரிவதில் அவனுக்கு ஒரு சுகம். சொறி வந்தவனைக் கேட்டால் சொல்வான், அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று.

அவனும் லமாரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒரே அறை, ஒரே டாங்கிப் பட்டறை, ஒரே மதுக்கடை. பட்டறையில் இருவரும் போதையில் தூங்கியதைப் பார்த்த கேப்டன் இருவரையும் சேர்த்தே ராணுவத்தின் குடிமீட்புச் சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கே சட்டம் ஒன்றுதான்: சிகிச்சை முடியும்வரை ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. லமார் தேறினான், சார்ஜென்ட் ஆனான், கையில் பட்டை மேல் பட்டையாக ஏறியது. கோல்பி தேறவில்லை. 'குடிமீட்பில் தோல்வி' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காகிதத்தில் அதற்குக் கீழே, மறுபடி பட்டாளத்தில் சேரலாமா என்பதைச் சொல்லும் ஒரு எண்ணும் போட்டிருந்தார்கள். நான்கு. மூன்று என்று போட்டிருந்தால் கதவு சாத்தியிருக்கிறது, தட்டிப் பார்க்கலாம், திறந்தாலும் திறப்பார்கள் என்று பொருள். நான்கு என்றால் கதவு இருந்த இடத்தில் சுவர். அந்த நான்கை மூன்றாக்கத்தான் கோல்பி ராணுவ வாரியத்திடம் மேல்முறையீடு செய்திருந்தான். குடியை விட்டு இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, வயதும் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது விட்டால் பிறகு எண்ணை மாற்றியும் பயனில்லை. சீருடையில் கழிந்த காலத்தைத் தவிர அவன் வாழ்க்கையில் உருப்படியாக எதுவும் நடந்ததில்லை. அவனுக்கே அது தெரியும்.

தோல்விக்குக் காரணம் சிகிச்சைக்கு நடுவில் வந்த படைப்பிரிவின் வருஷாந்திர விருந்து. அந்த விருந்தில் எல்லாரும் விறைப்பான உடையில் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் குற்றம் கண்டுபிடிப்பார்கள். ஸ்பூனைத் தவறாகப் பிடித்தாலும் குற்றம். மாட்டியவன் மண்டபத்தின் முன்னால் போய், கடையிலிருந்து புத்தம்புதிதாக வாங்கி வைத்திருக்கும் கக்கூஸ் தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மொண்டு குடிக்கவேண்டும். குடித்து முடித்ததும் காலிக் கோப்பையைத் தலைமேல் கவிழ்த்துக் காட்டவேண்டும். இரண்டு தொட்டிகள் உண்டு. இடது பக்கத்தில் ரம், விஸ்கி, காப்பி, மிளகாய்க் குழம்பு, மேலே மிதக்கும் ஒரு காலுறை. வலது பக்கத்தில் சாராயம் மட்டும் இல்லை, மற்ற அசிங்கமெல்லாம் உண்டு. குடிக்காதவர்களுக்கும் ஒரு கௌரவம் வேண்டுமல்லவா.

தெரியாமல் தொட்டி மாறிவிட்டது என்பதுதான் கோல்பி வாரியத்துக்கு எழுதியிருந்த வாதம். இரண்டும் ஒரே நிறம், எதிலும் எழுத்தில்லை, யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். முன்னாள் சிப்பாய்களுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீல் திருமதி ஆன்ஸ்லி அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல இருந்த ஒருத்தர் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா இன்னும் பலம். யாராவது இருக்காங்களா?" என்றார். இருக்கிறான். அவனிடம் போய்க் கேட்பதற்குப் பதில் அந்தத் தொட்டியை இன்னொரு முறை குடித்துவிடலாம் என்று கோல்பிக்குத் தோன்றியது.

இப்போது அவனே வந்து நின்றான்.

"வண்டி எப்படிடா இருக்கு ஹேகுட்?"

"வண்டி மாதிரி இருக்கு," என்றான் கோல்பி, காற்றழுத்தம் பார்த்தபடி.

"புதன்கிழமை விசாரணையாமே."

"யார் சொன்னா?"

"உங்க அக்கா ரொண்டாகிட்ட சொல்லியிருக்காங்க." ரொண்டா லமாரின் மனைவி.

"அக்கா வாய்க்கு ஒரு மூடி போடணும்."

லமார் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் எழுதித் தரேன்டா. தெரியாமத்தான் குடிச்சான்னு."

கோல்பி நிமிர்ந்தான். "நெசம் உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன. அன்னிக்கு மத்தியானம் தொட்டியைத் தூக்கி வச்சதே நீதான். சாப்பாட்டு மேசையில என் காதுல சொன்னே, 'இடது பக்கம் போயிடாதே, அதுலதான் சரக்கு'ன்னு. என்னை முன்னால கூப்பிட்டப்ப, நீ சொன்னதாலதான் வலது பக்கம் போய்த் தப்பிச்சேன். அப்புறம் என் வாய்க் கொழுப்பு, எந்திரிச்சு நின்னு 'ஹேகுட் டை கோணல்'னு கத்தி உன்னை அனுப்பினேன். நீ வலது பக்கம் போவேன்னு நெனச்சுத்தானேடா. எத்தனை நாள் தூங்காம கெடந்திருக்கேன் தெரியுமா."

ஏன் வலது பக்கம் போகவில்லை என்று மட்டும் லமார் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கோல்பி சொல்லியிருக்க மாட்டான். அன்று விருந்துக்கு நடுவில் கமாண்டர் எழுந்து, சார்ஜென்ட் பள்ளிக்கு இருக்கும் ஒரே இடம் லமார் டீஸுக்கு என்று அறிவித்தார். கோல்பி அந்த இடத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்தவன். மண்டபமே மேசையைத் தட்டியது, அவனும் தட்டினான். தட்டிய கை வலி தீர்வதற்குள் அவனை முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். நடந்து போகும்போது, இவன் இல்லாத பட்டாளத்தில் இனி நான் எதற்கு, இவன் இருக்கிற பட்டாளத்தில் மட்டும் எதற்கு என்று இரண்டும் ஒன்றாகத் தோன்றியது. இடது பக்கம் போனான். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான். இதில் எதிரிக்குச் சகுனம்கூடத் தடைபடவில்லை.

"எழுதாதே," என்றான் கோல்பி.

"ஏன்டா?"

"வேணாம்னா வேணாம். சத்தியம் பண்ணிப் பொய் எழுதினது தெரிஞ்சா உன் பட்டை போயிடும்."

"போனா போவுது. யாரு வந்து பார்க்கப்போறா?"

போனால் போகிறதாம். தனக்குக் கிடைக்காததை இவன் எவ்வளவு எளிதாகத் தூக்கிப் போடுகிறான் என்று கோல்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டை இவனுக்கு, வீடு இவனுக்கு, வண்டி இவனுக்கு. இப்போது நல்லவன் என்ற பேரும் இவனுக்கேவா? இவன் போடும் பிச்சையில் உள்ளே போனால், தினமும் காலையில் பூட்ஸ் மாட்டும்போது இவனுக்கு நன்றி சொல்லியல்லவா மாட்டவேண்டும்?

"காத்து சரியா இருக்கு. கிளம்பு," என்றான்.

அன்று அவன் ஒரு முடிவுக்கு வந்தான்: வாரியத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவது. மனம் திருந்தினான், சத்தியம் அவன் நெஞ்சில் குடியேறியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது கலப்படமில்லாத பொறாமை. லமாரின் பொய்யில் பிழைப்பதைவிடத் தன் உண்மையில் சாவது மேல் என்ற வீம்பு.

புதன்கிழமை திருமதி ஆன்ஸ்லியின் அலுவலகத்தில், கணினித் திரைக்கு முன் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். திரையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த நரைத்த கர்னல் அம்மாள்தான் தலைவர்.

"எந்தத் தொட்டியில என்ன இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க," என்றார்.

"தெரியும் மேடம்."

திருமதி ஆன்ஸ்லி அவன் முழங்காலில் ஓர் இடி இடித்தார். அவன் திரும்பவில்லை.

"தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?"

"ஆமா மேடம். எனக்கு வரும்னு இருந்த இடம் என் கூட்டாளிக்குப் போச்சு. பொறுக்கல. அவ்வளவுதான். எழுதினது பொய். இப்ப குடிக்கிறதில்ல, அது நெசம். பொறாமை மட்டும் இன்னும் போகல."

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் கேக்காத சாக்கு இல்ல. தப்பு என்னோடதுன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி." பக்கத்தில் இருந்தவர் லேசாகத் தலையாட்டினார். திருமதி ஆன்ஸ்லியின் பெருமூச்சு கோல்பிக்குக் கேட்டது. கதவு அசைந்தது போல இருந்தது. அவன் வாயில் எச்சில் ஊறியது.

"ஆனா ஒரு சிக்கல்," என்று கர்னல் ஒரு தாளை எடுத்தார். "சார்ஜென்ட் லமார் டீஸ் நேத்து ராத்திரி எங்களுக்கே நேரா அனுப்பியிருக்கார். சத்தியப் பிரமாணம். நீங்க தெரியாமத்தான் குடிச்சீங்க, அது தனக்கு நல்லாத் தெரியும்ங்கறார். நீங்க சொல்றது நெசம்னா அவர் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கார். இதை அவர் கமாண்டருக்கு அனுப்பாம என்னால இருக்க முடியாது. சொல்லுங்க, சார்ஜென்ட்டுக்கு உண்மை தெரியுமா?"

கோல்பிக்குப் பட்டைகளைப் பிய்த்து எடுத்த லமாரின் சட்டைக் கை கண்ணில் தெரிந்தது. வண்டியைக் கடன்காரன் ஓட்டிப் போவது தெரிந்தது. எதிரே இன்னொரு டயர் கடையில் லமார் ஸ்பேனர் பிடித்து நிற்பதுகூடத் தெரிந்தது. இத்தனை வருஷம் எரிந்து எரிந்து வேண்டியதெல்லாம் தட்டில் வைத்து நீட்டியிருந்தார்கள். 'தெரியும்' என்ற ஒரு சொல் போதும், அது உண்மையும்கூட. உண்மை பேசியவனுக்குக் கதவும் திறக்கும். மனசுக்குள் அதை ஆசை தீர ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். இனித்தது.

"தெரியாது மேடம்," என்றான்.

"புரியல."

"அவனுக்குத் தெரியாது. தொட்டி மாறிப்போச்சுன்னு நான் அவனையும் ஏமாத்திட்டேன். நான் சொன்னதை நம்பி எழுதிட்டான். போன சனிக்கிழமைகூட கடைக்கு வந்தவன்கிட்ட எனக்காக எழுதுடான்னு கெஞ்சினேன்."

"போன சனிக்கிழமை."

"ஆமா மேடம்."

"அதாவது போதையெல்லாம் தெளிஞ்சு, இவ்வளவு காலத்துக்கு அப்புறமும், ஒரு நல்ல சார்ஜென்ட்டைப் பொய்ச்சாட்சிக்குத் தயார் பண்ணியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

கர்னல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அவனை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. திரை அணைந்ததும் திருமதி ஆன்ஸ்லி, "எதுக்குய்யா அதைச் சொன்னே? மூணை வாங்கிக் குடுத்திருப்பேனேய்யா," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. மனுதாரரின் நேர்மையில் நம்பிக்கை இல்லை, எண் நான்காகவே நீடிக்கும். ஜோலின் அழுதாள். கோல்பி கடைப் பின்பக்கம் போய், பழைய டயர் குவியல்மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். அழுகைக்கு நடுவிலும், லமார் ஏன் அந்தச் சத்தியத்தை அனுப்பித் தொலைத்தான் என்று அவன்மேல்தான் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லமார் வீட்டுக்கே வந்துவிட்டான், ரொண்டா பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத் தட்டோடு. வாசலிலேயே நின்றான். கண் சிவந்திருந்தது.

"நீ வேணாம்னு சொல்லியும் அனுப்பிட்டேன்டா. கோவிச்சுக்காதே. அவங்க கைக்குக் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

"அப்புறமும் குடுக்கலியா?" லமார் தலையை ஆட்டிக்கொண்டான். "இன்னும் நல்லா எழுதியிருக்கணும். எனக்கு எழுத்தே வராது."

"நல்லாத்தான் எழுதியிருந்தே."

"என்ன ஆனாலும் என்னால ஆனதைப் பண்ணிட்டேன். பட்டையைப் பணயம் வச்சுப் பண்ணினேன்டா. நீயா இருந்தாலும் எனக்கு இதைத்தான் பண்ணியிருப்பே."

கோல்பி தட்டை வாங்கிக்கொண்டான். இன்னும் சூடாக இருந்தது. "நானா? பண்ணியிருக்க மாட்டேன்," என்றான்.

லமார் அழுத கண்ணோடு சிரித்துவிட்டான். அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். "தெரியும்டா. அதான் உனக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்."

வாரியத்திடம் சொன்னதெல்லாம் கோல்பிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடித்து விழுங்கினான்.

"ஆமா, சார்ஜென்ட்," என்றான்.