அறுபது பேர் ஊதிய பலூன்

கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரிதான் அந்த நர்ஸிங் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். என் கட்டுரையில் உன் பெயர், உன் கட்டுரையில் என் பெயர். சமைத்தது யார் என்று பந்தியில் உட்கார்ந்தவன் கேட்பானா? அங்கே பாடம் நடத்தும் அமுதவள்ளியின் பெயரில் இருபத்தாறு கட்டுரைகள் இருந்தன. வேர்க்க விறுவிறுக்க அலைந்து எழுதியவை நான்கு. மற்றதெல்லாம் மொய்.

இருபத்தாறாவதுதான் அவளைப் பேராசிரியர் ஆக்கியது. முதல் பெயராக ஒரு கட்டுரை வேண்டும் என்பது விதி. கூட வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்யும் வளவன் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தான். விருத்தாசலம் செராமிக் தொழிலாளர்கள் அறுபது பேர், எட்டு வாரம், காலையும் மாலையும் பலூன் ஊதும் பயிற்சி. அறுபது பேருக்கும் மூச்சு பலப்பட்டுவிட்டது. யாரிடம் போய்க் கணக்கெடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால், உன் பெயரில் இருப்பதில் நீ எழுதியது எத்தனை என்று அவனும் திருப்பிக் கேட்பான்.

ஜூனில் பதவி உயர்வு வந்தது. சந்தோஷம் வரவில்லை, உறுத்தலும் வரவில்லை. சில வருடங்களாகவே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை.

ஆவணியில், கொலு பொம்மை வேலை மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம், காசியம்மாள் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து, செராமிக் கம்பெனியில் காய்ந்த பொம்மைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவள். அமுதவள்ளி உண்மையாகவே கம்பெனி கம்பெனியாக அலைந்த காலத்துப் பழக்கம். மாடிப்படி ஏறி வந்ததில் பேச்சு வராமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒக்காருங்க காசியம்மா. என்னா விஷயம்?"

"ஊதறதுக்கு சொல்லிக் குடுங்க மேடம்." பையிலிருந்து ஒரு சிவப்பு பலூனை எடுத்தாள்.

அமுதவள்ளிக்கு விளங்கவில்லை. காசியம்மாள் விட்டு விட்டுச் சொன்னாள்.

"தூசி இழுக்குற ஃபேன் கேட்டோமுங்க. மொதலாளி ஒங்க பேப்பர ஜெராக்ஸ் எடுத்து செவுத்துல ஒட்டிட்டாரு. ஒங்க பேருதான் மொதல்ல இருக்குதாம். ஃபேன் எதுக்கு, ஆளுக்கு ரெண்டு பலூன் புடிங்கன்னுட்டாரு. ரெண்டு மாசமா ஊதறேன், ஒண்ணும் கேக்கல. அறுவது பேருக்கு சரியாச்சு, ஒனக்கு மட்டும் ஆவலன்னா நீ நடிக்கிறன்னு சூப்ரவைசரு திட்றாரு. நான் ஊதற வெதம் தப்புங்களா?"

"ஊதுங்க, பாப்போம்."

ஊதினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பலூன் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நின்றுவிட்டது. பிறகு இருமல். அது அடங்கியதும் அமுதவள்ளி மூச்சு அளக்கும் குழலை எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவை ஊதியும் முள் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பெண் இதே குழலில் இருநூற்றெண்பது ஊதியிருக்கிறாள்.

ஒரு நர்ஸுக்கு இந்த இடத்தில் பதற்றம் வர வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால் பதவி போகும், வேலை போகும், வளவனின் பிஎச்.டி.யும் போகும் என்று மனது வரிசையாகச் சொன்னது. வேறு ஊர் பஸ்ஸுக்கான அறிவிப்பைக் கேட்கிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து ஊதுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். இந்த அம்மாள் நம்பிக்கொண்டு போவாள். நாளைக்கும் ஊதுவாள், ஊத முடியாமல் போகிற நாள்வரை ஊதுவாள்.

"நீங்க ஊதறதுல தப்பு இல்ல. அந்த அறுபது பேரு இல்ல, காசியம்மா."

"செத்துட்டாங்களா?"

"இல்லல்ல. அப்படி ஆளுங்களே கெடையாது. யாரும் ஊதல. பொய்யா எழுதினது. அதுல என் பேர நான்தான் போடவுட்டேன்."

திட்டுவாள் என்று அமுதவள்ளி காத்திருந்தாள். நாலு வசவு விழுந்தால் தேவலை போலிருந்தது. காசியம்மாளோ பெருமூச்சு விட்டாள். அதுவும் பாதியில் இருமலாகிவிட்டது.

"ரெண்டு மாசமா என்னையவே நொந்துகிட்டு கெடந்தேன்," என்றாள். "அப்ப எம்மேல தப்பு இல்லீங்க."

அமுதவள்ளி வெள்ளைத் தாள் எடுத்தாள். கட்டுரை பொய், பலூன் ஊதினால் தூசி போகாது, ஃபேன் போட்டே ஆக வேண்டும், வெளியிட்ட பத்திரிகைக்கும் இதையே எழுதிக் கட்டுரையை நீக்கச் சொல்கிறேன் என்று முதலாளிக்கு எழுதிப் படித்துக் காட்டினாள்.

"இத குடுத்தா ஒங்க வேல?"

"போயிடும்."

காசியம்மாள் பலூனைப் பைக்குள் போட்டாள். குடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"செரிங்க. அதுலயே இன்னொண்ணும் எழுதுங்க. காசியம்மா ஒரு நாளு வுடாம ஒழுங்காத்தான் ஊதினா, நடிக்கலன்னு எழுதுங்க. சூப்ரவைசரு படிக்கணும்."

அமுதவள்ளி எழுதினாள். எழுதும்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.