வெள்ளிக்கிழமை நிற்கும் படம்

டெலிபோன் கம்பனிக்காரர்களை நான் மூன்று மாதம் விடாமல் திட்டினேன். ருவான்வெல்லையில் என் தையல் கடையைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் புஷ்பவதியின் வாயையும் தெரியும். கம்பனிக்குக் கோல் எடுத்தால் சிங்களப் பிள்ளை ஒருத்தி தேனாகப் பேசுவாள். நானும் சிங்களத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்குவேன். சண்டைக்கு எனக்குத் தமிழைவிடச் சிங்களம்தான் வசதி. அவள் கடைசிவரை ஒரே பாட்டைப் பாடுவாள். ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, திரும்பப் போட வேண்டுமாம். நான் நூறு வரைக்கும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இது 2008 தை மாதத்துக் கதை. வீட்டில் நெட் மெதுவாகப் போனால் மற்றவர்களுக்குச் சலிப்புத்தான் வரும். எங்கள் வீட்டில் அப்படியில்லை. என் தங்கச்சி அழகம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். புருஷன் போன பிறகு மகள் ஷாமிளாவோடு என்னிடம் வந்துவிட்டாள். அந்த ஷாமிளா அப்போது ஜோர்தானில் ஒரு கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் மிதிக்கக் கற்றுக் கொடுத்ததும் நான், போய் வா என்று அனுப்பியதும் நான்.

அழகம்மாவுக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது. டெலிபோன் அவளுக்கு எதற்கு? மகளோடு அவள் பேசுவது கையால்தான். அந்தக் கைப்பேச்சு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுத்தது இல்லை. தோட்டத்து லயத்து வீட்டில் அவளே உண்டாக்கியது. உலகத்தில் அதை முழுதாகப் புரிந்துகொள்பவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். இடது கையை மரம் மாதிரி நிமிர்த்தி, வலது கையால் அதில் சரிவாகக் கீறினால் வேலை. பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்க்கிற மாதிரி கையைக் குப்புறப் போட்டால் போதும், முடிந்தது என்று அர்த்தம். பால் வெட்டில்லாத நாளில் மரத்தில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள், அதிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை ஷாமிளாவுக்கு லீவு. எங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி ஆகும்போது அவள் அங்கே ஒரு நெட் கடையில் போய் உட்காருவாள். நாங்கள் கடைக்குப் பின்னால் வீட்டு உள்காம்பராவில் லெப்டொப்பைத் திறப்போம். முன்னால் கடையில் வைத்துப் பேசலாம்தான். ஆனால் சட்டை தைக்க வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அழகம்மா கையைத் தூக்கவே மாட்டாள். அதனால்தான் கம்பியில்லாத நெட்டே போட்டோம். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் படம் நிற்க ஆரம்பித்தது. ஷாமிளா கையைத் தூக்குவாள், கை அப்படியே கல்லாக நிற்கும். அடுத்த முறை அசையும்போது பேச்சு எங்கேயோ போயிருக்கும். முகம் சாயம் போன துணி மாதிரி கலங்கிக் கிடக்கும். குரல் மட்டும் ஓரளவு வரும். அதை வைத்து அழகம்மா என்ன செய்வாள்?

இதற்குள் ஷாமிளாவின் ஒப்பந்தம் முடிய வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா என்று அந்த மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். அங்கேயே இருக்கிறேன் என்றாள் ஷாமிளா. அம்மா சரி என்றால் போதுமாம். எனக்கும் அவள் இருப்பதுதான் நல்லது என்று பட்டது. அழகம்மாவிடம் கேட்டேன். அவள் தன் கண்ணைத் தொட்டு, பிறகு கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள். கன்னத்தைக் கிள்ளினால் ஷாமிளா. அவளைப் பார்த்துத்தான் சொல்லுவேன் என்கிறாள். கலங்கின படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாளாம். பிடிவாதத்தில் அவள் எனக்குத் தங்கச்சிதான்.

நான் ஒரு வேலையில் இறங்கினால் யாரையாவது குற்றவாளியாக்காமல் விடமாட்டேன். பக்கத்து வீட்டு ஹபீஸாவின் மகன் எங்கள் நெட்டைத் திருடுகிறான் என்று முடிவு கட்டி, வேலிக்கு மேலால் ஒரு பிடி பிடித்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"எங்கட ஊட்டுல கம்பியூட்டரே இல்லையே புஷ்பவதியக்கா," என்றாள் கடைசியில்.

ஆரம்பித்த சண்டையை நடுவில் விடுவது எப்படி? இல்லாவிட்டால் வாங்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பாஸ்வர்டை மாற்றினேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் படம் நின்றது. ஹபீஸா என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஷாமிளாவுக்கு மட்டும் இதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. நெட்டைச் சரிபண்ண ஆள் பிடிக்கிறேன் என்றால், விடுங்க பெரியம்மா, இப்படியே இருக்கட்டும், குரல் கேட்குதுதானே என்பாள். என் சிரமத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்து உருகிப் போனேன்.

கடைசியில் கரவனெல்லையிலிருந்து சதீஸ் என்ற பையனைக் கூப்பிட்டேன். பையன் என்றால் முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இந்த வேலையில் கெட்டிக்காரன் என்று பேர். ஒரு புதன்கிழமை வந்தான். லைனைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். நெட் பறக்கிறது. டாக்டரைக் கண்டதும் பல்வலி போகுமே, அந்தக் கதைதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியையே தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அவன் கோபப்படவில்லை. லைனில் ஒரு குற்றமும் இல்லை, என்றைக்கு நன்றாக இருக்கிறது, என்றைக்கு நிற்கிறது என்று கலண்டரில் குறித்து வையுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

குறித்தேன். தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு உள்காம்பராவில் லெப்டொப்பைத் திறந்து பார்த்து, நன்றாக இருந்தால் சரி போட்டேன், நின்றால் புள்ளடி போட்டேன். பதினைந்து நாளில் இரண்டே இரண்டு புள்ளடி. இரண்டும் வெள்ளிக்கிழமை. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்னமே சதீஸுக்குக் கோல் எடுத்தேன். ஷாமிளாவுக்குப் பதில் சொல்ல அன்றைக்குத்தான் கடைசி வெள்ளி.

"வெள்ளிக்கிழமையில மட்டும் வீட்டுல என்னக்கா மாறுது?" என்று கேட்டான்.

"என்ன மாறும்? ஊர்ல எல்லா வீட்டுலயும் மாறுறதுதான். வீட்டக் கழுவுவோம். பித்தளச் சாமான் எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கி, சாமித்தட்டுல அடுக்கி..."

கையில் போனைப் பிடித்தபடியே, சாமிக்கென்று சுவரில் அடித்திருந்த அந்தத் தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

போன ஆயுத பூசைக்குக் கத்தரிக்கோல், அளவு நாடா, மெஷின் தலை எல்லாவற்றையும் சாமித்தட்டில் வைத்துப் பொட்டு வைத்தோம். அழகம்மா அலுமாரி மேல் கிடந்த ரவுட்டரையும் கொண்டுவந்து வைத்தாள். பூசை முடிந்து மற்றதையெல்லாம் எடுத்தேன், அதை மட்டும் அவள் எடுக்க விடவில்லை. மகள் இதற்குள்ளால்தானே வருகிறாள் என்று கை காட்டினாள். சரி, வயர் எட்டுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மற்ற நாட்களில் அது முருகனுக்குப் பக்கத்தில் வெறுமனே இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் இவள் பெரிய தாம்பாளம் இரண்டையும் அதற்கு முன்னால் நிமிர்த்தி வைத்து, நிறைகுடத்தையும் வைத்து, சுற்றிப் பூச்சரமும் கட்டிவிடுவாள். மகள் வருகிற நாளாம், மரியாதையாம். இதைப் போனிலேயே சதீஸிடம் சொன்னேன்.

"பித்தளைக்கும் தண்ணிக்கும் பின்னால வச்சா சிக்னல் எப்படிக்கா வெளிய வரும்?" என்றான் சதீஸ். அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனுக்குப் புண்ணியம் சேரட்டும்.

நேராகப் போய்த் தாம்பாளத்தில் கை வைத்தேன். அழகம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பால் வெட்டின கை, லேசில் விடாது. வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது, அதுவும் இன்றைக்கு எடுக்கவே கூடாது என்று கண்ணாலேயே சொன்னாள். சிக்னலுக்கு எங்கள் கைப்பேச்சில் வார்த்தை இல்லை. காற்றில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினேன், அவள் மழையா என்று கேட்டாள். எனக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

பிறகு என்ன தோன்றியதோ, குசினிக்குப் போய் அங்கிருந்த சின்னத் தாம்பாளத்தை எடுத்து வந்தேன். அதை அவள் முகத்துக்கு நேரே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதற்குப் பின்னால் கன்னத்தைக் கிள்ளினேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வா என்றேன். அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நான் தட்டையும் கூடவே நகர்த்தினேன். அவளுக்கு எரிச்சல் வந்து தட்டைத் தள்ளிவிட்டாள். தள்ளின கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பிச் சாமித்தட்டைப் பார்த்தாள்.

நான் ஒன்றையும் தொடவில்லை. தாம்பாளம், குடம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக் கீழே இறக்கினாள். ஒரு மண் அகலை மட்டும் ரவுட்டருக்குக் கொஞ்சம் தள்ளி ஏற்றி வைத்தாள். நான் உள்காம்பராவுக்கு ஓடி லெப்டொப்பைத் திறந்தேன். வெள்ளிக்கிழமையிலும் நெட் பறந்தது.

மத்தியானம் ஹபீஸா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஒரு தட்டுக் கொழுக்கட்டையை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, நாங்கள் இன்னும் கம்பியூட்டர் வாங்கவில்லை என்றாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஐந்து மணிக்கு ஷாமிளா வந்தாள். அவளுடைய மூக்குத்திக் கல் தெரிந்தது. பின்னால் சுவரில் எழுதியிருந்த அரபு எழுத்துக்கூடத் தெரிந்தது. அழகம்மா லெப்டொப்புக்குக் கிட்டப் போய், மகளின் முகத்தை ஒரு மூலை விடாமல் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, இன்னைக்கு இவ்வளவு கிளியரா இருக்கு?" என்று ஷாமிளா கேட்டாள். குரலில் சந்தோஷம் இல்லை. நான் அதைக் கவனிக்காமல் என் கெட்டித்தனத்தைக் கால் மணி நேரம் அளந்தேன்.

அவள் அம்மாவிடம் கையால் பேச ஆரம்பித்தாள். சுகம், சாப்பிட்டேன், வேலை நல்லது, இன்னும் இரண்டு வருஷம். அழகம்மா உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். வேலை என்றதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஷாமிளா வலது கையால் சரிவாகக் கீறினாள். வெறும் காற்றில் கீறினாள்.

அழகம்மா தன் இடது கையை நிமிர்த்தி, அதில் பட்பட்டென்று தட்டினாள். மரம் எங்கே என்று கேட்கிறாள்.

ஷாமிளா சிரித்துப் பார்த்தாள். தலைமுடியைச் சரிசெய்தாள், அதுவும் வலது கையால். அழகம்மா அசையவில்லை. தன் இரண்டு கையையும் கெமராவுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மேசைக்குக் கீழே இருந்து ஷாமிளாவின் இடது கை மேலே வந்தது. நடு இரண்டு விரலும் உள்ளே மடிந்து கிடந்தன. தையல் போட்ட தழும்பு உள்ளங்கை வரைக்கும் ஓடியது.

"தீபாவளி முடிஞ்சு மறு வாரம் மெஷின் ஊசி எறங்கிருச்சு பெரியம்மா. விரல் நீட்ட வராது. இப்ப பொட்டி கட்டுற வேலதான் குடுத்திருக்காங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க." அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்கிறாள், அம்மாவிடம் சொல்லாதே என்று. "இந்தக் கையோட வந்து நம்ம கடையில எந்த மெஷின்ல நான் ஒக்கார்றது?"

மூன்று மாதமாக நான் நெட்டுக்காக ஊரோடு சண்டை போட்டேன். இந்தப் பிள்ளை அங்கே இருந்துகொண்டு, படம் தெளியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அழகம்மா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. மகளைப் பார்த்தபடி வலது கையைச் சிரட்டை மாதிரி குவித்தாள். மெதுவாக அதைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். போதும். பிறகு கன்னத்தைக் கிள்ளினாள். வா என்றாள்.

ஷாமிளா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல் மடிந்த இடது கையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.